அரை ஷிப்ட் போன ஊர்கள்: சோமனூரிலிருந்து பள்ளிபாளையம் வரை

வியாழன், நவம்பர் 13, 2025. சோமனூர்

ஆகஸ்ட் 7-ஆம் தேதி 25 சதவீதம், 27-ஆம் தேதி இன்னொரு 25 சதவீதம் என்று அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரி போட்ட நாளிலிருந்து திருப்பூர் பற்றி ஏதாவது ஒரு செய்தி வந்துகொண்டே இருக்கிறது. எல்லாம் கோடி, டாலர், ஏற்றுமதியாளர் கோரிக்கை என்று மேல்மட்டத்திலேயே நின்றுவிடுகிறது. அந்த ஊர்களில் மளிகைக்கடை வைத்திருப்பவரும் டீ ஆற்றுபவரும் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவரும் எப்படி இருக்கிறார்கள் என்று நேரில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. இருபதுகளில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதியவன் நான், சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் அங்கேதான் பிழைக்கிறார்கள், அதனால் இது எனக்கு வெறும் செய்தி இல்லை. லீவு போட்டுக் கிளம்பிவிட்டேன். அன்றன்றைக்குப் பார்த்ததை அன்றன்றைக்கே எழுதிப் போடுகிறேன்.

முதலில் சோமனூர். கருமத்தம்பட்டி வழியாக பஸ்ஸில் வந்து இறங்கி, மெயின் ரோட்டை விட்டு உள்தெருக்களில் நடந்தேன். தறி ஓடுகிற ஊரில் காதுக்குத்தான் முதலில் சேதி வரும். ஒரு தெருவில் காதைப் பொத்திக்கொள்ளும் சத்தம், அடுத்த தெருவில் நாய் குரைப்பது கேட்கிறது. பூட்டிய தறிக்குடோன்களில் சில இப்போது தேங்காய் குடோன், ஒன்று பழைய பிளாஸ்டிக் சேர்க்கிற இடம், ஒன்றில் கார் நிற்கிறது.

பழைய இரும்புக்கடை ஒன்றில் சுவரோரமாக உடைத்த தறிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். சட்டம் தனி, சக்கரம் தனி. வார்ப்பிரும்பு என்பதால் சம்மட்டியால் அடித்தே பிரித்துவிடலாம் என்றார் கடைக்காரர். தறி விற்க வருகிறவர்கள் எடை போடும்போது பக்கத்தில் நிற்க மாட்டார்களாம். "காசை ஜிபே பண்ணி உட்ருங்கன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க தம்பி" என்றார்.

தறிக்குச் சாமான் விற்கும் கடை ஒன்று பஸ் ஸ்டாப் பக்கம். நாடா, பிக்கர், பெல்ட், மோட்டார் சாமான் என்று முப்பது வருஷமாக அதை மட்டுமே விற்ற கடை. இப்போது பாதி அலமாரியில் பிவிசி பைப்பும் தண்ணீர்க் குழாயும் சொட்டுநீர்ச் சாமானும். ஒரு ஊரின் தொழில் எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு இந்த மாதிரி உதிரிபாகக் கடையைவிட நல்ல சாட்சி கிடையாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் தறி ஓடினால்தான் பிக்கர் தேயும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சோமனூர்க்காரர்களின் கஷ்டத்தை டிரம்ப் தலையில் மட்டும் கட்ட முடியாது. இங்கே பெரும்பாலும் கூலி நெசவு. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் (நீளவாட்டு நூல்) ஊடை நூலும் (குறுக்குவாட்டு நூல்) கொடுப்பார், இவர்கள் காடா துணியாக, அதாவது வெளுக்காத, சாயம் போடாத துணியாக நெய்து கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார்கள். ஒப்பந்தம் போட்ட கூலி கைக்கு ஒழுங்காக வருவதில்லை என்பதுதான் இவர்களின் பல வருஷத்துப் புகார். இந்த வருஷம் மார்ச்சில் தறியை நிறுத்தினார்கள், ஒரு மாதத்துக்கு மேல் ஓடவில்லை. ஏப்ரலில் கோவை கலெக்டர் ஆபீசில் பேச்சுவார்த்தை நடந்து சோமனூர் ரகத்துக்கு 15 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 10 சதவீதம் கூலி உயர்வு என்று முடிவானது. அந்த ஒரு மாதத்தில் வாங்கிய கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு தறி ஓனர் சொன்னார். எட்டுத் தறி வைத்திருக்கிறார், அவரும் அவர் மனைவியும்தான் ஓட்டுகிறார்கள். இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவச மின்சாரம் கிடைப்பதால்தான் மூச்சு விடுகிறோம் என்றார். ஓனர் என்ற பேர்தான், வேலையெல்லாம் கூலிக்காரர் வேலை.

வெள்ளி, நவம்பர் 14. பல்லடம், மங்கலம்

காலையில் பல்லடம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் நின்றபோது, ஓரமாக நாலைந்து பையன்கள் ஒரே மொபைலைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். இன்றைக்கு பீகார் தேர்தல் முடிவு. இந்த ஊரில் பீகார் தேர்தல் ஒரு உள்ளூர்ச் செய்தி, ஏனென்றால் இங்கே வேலை பார்த்துவிட்டு, அவர்கள் பண்டிகையான சத் பூஜைக்கும் ஓட்டுப் போடவும் ஊருக்குப் போன பீகார் ஆட்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்பதில்தான் அடுத்த மாத வேலை இருக்கிறது.

கூட்டம் குறைந்திருப்பதைப் பார்த்ததும் "ஆர்டர் இல்லை, வடநாட்டுக்காரங்க எல்லாம் போயிட்டாங்க" என்று எழுதிவிடுவது சுலபம். அது முழு உண்மை இல்லை. அக்டோபர் கடைசியில் சத் பூஜை, நவம்பர் 6-லும் 11-லும் ஓட்டுப்பதிவு. எந்த வருஷமாக இருந்தாலும் இந்த நேரத்தில் ஆள் குறைவாகத்தான் இருக்கும். வித்தியாசம் எங்கே என்று ஆள் கூட்டி வரும் கான்ட்ராக்டர் ஒருவர் சொன்னார். போன வருஷம் வரை கம்பெனிக்காரர்கள் தினம் இரண்டு தடவை போன் போட்டு "எப்பங்க வருவாங்க, டிரெயின் டிக்கெட் போட்டாச்சா, காசு வேணா அனுப்பட்டுமா" என்று கேட்பார்களாம். இந்த வருஷம் "நாங்க சொல்றப்ப வந்தாப் போதும்" என்கிறார்களாம். போனவர்கள் வராதது வேறு, வரச் சொல்லாதது வேறு.

மதியம் மங்கலம் ரோடு பக்கம் போனேன். இந்த ரோட்டைச் சுற்றி லைன் வீடுகள் ஏராளம். ஒரு அறை, ஒரு சமையல் திட்டு, பொதுக் கழிவறை, வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி. சுவரிலும் கரண்ட் கம்பத்திலும் "வீடு வாடகைக்கு" என்ற காகிதங்கள், தமிழிலும் இந்தியிலும், ஒன்றின் மேல் ஒன்றாக. முன்பெல்லாம் இங்கே வீடு தேடுகிறவர் காகிதம் ஒட்டுவார், வீட்டுக்காரருக்கு அந்த வேலையே இருக்காது. ஒரு அக்காவிடம் பேசினேன். தோட்டத்தை விற்று, மீதிக்கு லோன் போட்டு எட்டு வீடு கட்டியிருக்கிறார். மூன்று பூட்டிக் கிடக்கிறது. இன்னொன்றில் இருக்கும் பையன்கள் இரண்டு மாத வாடகை பாக்கி. "போகச் சொன்னா அந்த ரெண்டு மாசக் காசும் போயிரும், இருன்னு சொன்னா மூணாவது மாசமும் ஏறுது, என்னதானுங்க பண்றது" என்றார். லோன் தவணை மட்டும் மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதி நிற்காமல் போய்விடுகிறது.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு நாள் முழுக்க மனதில் ஓடியது. அவர் ஒரு ஏலச்சீட்டில் இருக்கிறார், இருபது பேர், எல்லாரும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும். போன வருஷம் சீட்டு எடுக்க ஆள் இல்லாமல் குலுக்கிப் போட்டுக் கொடுத்த மாதங்கள் உண்டாம். இந்த வருஷம் தீபாவளிக்கு முன்னாடியிலிருந்து மூன்று பேர், நான்கு பேர் போட்டி போட்டு, சீட்டுப் பணத்தில் இவ்வளவு விட்டுக்கொடுக்கிறேன் என்று கழிவைத் தள்ளுகிறார்கள். எடுக்காமல் இருப்பவருக்கு நல்ல லாபம்தான், ஆனால் யாருக்கும் அதில் சந்தோஷம் இல்லை. இவ்வளவு தள்ளி எடுக்கிறவர் நாளைக்கு ஒழுங்காகக் கட்டுவாரா என்ற பயம் எல்லாருக்கும் வந்துவிட்டது. கடை இன்னும் திறந்திருக்கிறது, ஷட்டரில் பெயிண்ட் பளபளக்கிறது, ஆனால் அந்தக் கடைக்காரர் சீட்டில் எவ்வளவு தள்ளினார் என்பதைத் தெருவே அறியும்.

சனி, நவம்பர் 15. திருப்பூர்

சனிக்கிழமைக்காகத்தான் திருப்பூரை இந்த நாளில் வைத்துக்கொண்டேன். இங்கே பெரும்பாலான இடங்களில் வாரச் சம்பளம், சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வரும். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஊரிலிருந்து போகிறது, அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அமெரிக்கா வாங்கிக்கொண்டிருந்தது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம், பாகிஸ்தானுக்கு 19, நமக்கு 50 என்றால் வாங்குகிறவன் எங்கே போவான் என்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

காலையில் அங்கேரிபாளையம் ரோட்டிலிருந்து பி.என். ரோடு வரை நடந்தேன். கம்பெனி கேட்டுகளில் தொங்கும் அட்டைகளைப் பார்ப்பதுதான் வேலை. திருப்பூரில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும்: "ஆட்கள் தேவை. பவர் டேபிள் டைலர், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், பேக்கிங். தங்குமிடம் உண்டு." இந்த அட்டை தொங்காத கேட்டே இருக்காது. நான் வேலை பார்த்த காலத்தில் அந்த அட்டையைக் கழற்றுவதே இல்லை, வெயிலில் வெளுத்துப்போனால் புதிதாக எழுதி மாட்டுவோம். இன்றைக்குப் பல கேட்டுகளில் அட்டை இருந்த ஆணி மட்டும் இருக்கிறது. மின்கம்பங்களில் வேறு காகிதங்கள்: "ஓவர்லாக் மெஷின் விற்பனைக்கு", "30 மெஷினுடன் யூனிட் வாடகைக்கு அல்லது லீசுக்கு". எல்லா கம்பெனியும் இப்படி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பா ஆர்டர் வைத்திருக்கிற இடங்களில் லாரி நிற்கிறது, வேலை நடக்கிறது. ஒரே தெருவில் எதிரெதிர் கம்பெனிகளில் ஒன்று ஓடுகிறது, ஒன்று வாரத்துக்கு நாலு நாள்.

மூடிய கம்பெனிகளின் எண்ணிக்கையை வைத்து இந்த ஊரை அளந்தால் ஒன்றும் பிடிபடாது. நிறைய கம்பெனிகள் திறந்துதான் இருக்கின்றன, ஆளையும் அனுப்பவில்லை. போனது அரை ஷிப்ட். வெளியூர்க்காரர்களுக்காக விளக்கிவிடுகிறேன். காலை எட்டரைக்குப் போய் சாயங்காலம் ஐந்தரைக்கு வந்தால் ஒரு ஷிப்ட். ராத்திரி ஒன்பது, ஒன்பதரை வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். சீசனில் திருப்பூர்க்காரர்களுக்கு ஒன்றரைதான் முழுநாள். ஒரு ஷிப்ட் காசு வாடகைக்கும் அரிசி பருப்புக்கும் ஸ்கூல் பீசுக்கும் குழுக்கடனுக்கும் போய்விடும். அந்த மீதி அரை ஷிப்ட் காசுதான் கடைத்தெருவுக்கு வரும். பரோட்டா, ஞாயிற்றுக்கிழமை கறி, மல்லிகைப்பூ, மொபைல் தவணை, பிள்ளைக்கு ஒரு கொலுசு, சினிமா, சொந்த ஊர்த் திருவிழாவுக்குச் சேர்க்கிற காசு எல்லாம் அதில்தான். ஊரின் பாதி வியாபாரம் அந்த நாலு மணி நேரத்து உழைப்பில் நின்றுகொண்டிருந்தது. இப்போது கம்பெனி கணக்கில் ஒருவரும் வேலை இழக்கவில்லை, ஆனால் பரோட்டாக் கடைக்காரர் இழந்துவிட்டார்.

அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்தேன். நாலு கம்பெனிகளுக்கு நடுவில் தள்ளுவண்டி போட்டிருக்கும் அண்ணன், மதுரைப் பக்கத்துக்காரர், பதினைந்து வருஷமாக அதே இடம். ராத்திரி ஒன்பதரைக்கு கம்பெனி விட்டதும் மொத்தமாக வந்து விழும் கூட்டத்தை நம்பித்தான் அவர் மாவு பிசைவார். இப்போது எல்லாரும் ஐந்தரைக்கே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். "சீக்கிரம் வீட்டுக்குப் போறது நல்லதுதானே, அதை எப்படித் தப்புன்னு சொல்றது?" என்று அவரே கேட்டார். மாஸ்டரை ஊருக்கு அனுப்பிவிட்டு இப்போது அவரே பரோட்டா அடிக்கிறார், அவர் மனைவி இலை போடுகிறார், எட்டரைக்கு அடுப்பை அணைத்துவிடுகிறார்.

டீக்கடைகளிலும் இதேதான். கம்பெனிகளுக்கு பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் கேனில் டீ போகும், கூடவே வடை, போண்டா. சில கம்பெனிகள் வடையை நிறுத்திவிட்டன, டீ மட்டும். ஒரு கடைக்காரர் கம்பெனிக் கணக்கு எழுதும் நோட்டைக் காட்டினார், போன ஜூன் பக்கத்தையும் இந்த மாதப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்து. நான் கணக்கு எழுதியவன் என்பதால் அந்த நோட்டைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மளிகைக்கடை ஒன்றில் முதலாளி அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டு ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். சம்பள நாள், கூட்டம் இருந்தது. ஆனால் வாங்குகிற அளவு வேறு. ஒரு லிட்டர் எண்ணெய் கேட்டவர்கள் அரை லிட்டர், அரை லிட்டர் கேட்டவர்கள் பத்து ரூபாய் பாக்கெட். பெரிய சோப்புக்குப் பதில் சின்னது, ஷாம்பு சாஷே, துவரம் பருப்பு கால் கிலோ. பழைய பாக்கியில் இருநூறு ரூபாய் கொடுத்துவிட்டு முன்னூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கிக்கொண்டு போகிறார்கள். கடன் நோட்டு போன வருஷம் ஒன்று, இப்போது இரண்டாவது ஓடுகிறது என்றார் அண்ணாச்சி. கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள், பழைய பாக்கியும் சேர்ந்து போய்விடும். "நான் இருக்கேன்னு அவங்க இருக்காங்க, அவங்க இருக்காங்கன்னு நான் இருக்கேன்" என்றார்.

குமரன் ரோட்டில் நல்ல வெளிச்சமாக, கூட்டமாக இருந்த இடம் நகைக்கடன் கொடுக்கிற கடைகள். சவரன் 90,000 ரூபாயைத் தாண்டி நிற்கும்போது அரைச் சவரன் தோட்டுக்குக்கூட ஒரு தொகை கிடைக்கிறது. விலை ஏறியதால் பழைய நகையையே மறுஅடகு வைத்துக் கூடுதல் காசு வாங்கிப்போகிறார்கள். இந்த மூன்று மாதம் ஊர் தாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது, மீட்கிற நாள் வரும்போது என்ன ஆகும் என்பதுதான் கவலை.

காதர்பேட்டையில் பழைய முதலாளி ஒருவரைப் பார்த்தேன். அவர் இந்த ஊரின் எல்லாச் சரிவையும் பார்த்தவர். 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடியது, 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு, 2020 ஊரடங்கு, 2022-இல் நூல் விலை ஏறியபோது கடையடைப்பு. எது மோசம் என்று கேட்டேன். "அப்பவெல்லாம் ஆர்டர் இருந்துச்சு, செய்ய வழியில்ல. சாயம் போட வெளியூருக்குக் கொண்டு ஓடுனோம். இப்ப மெஷின் இருக்கு, ஆளு இருக்கு, நூலு இருக்கு. ஆர்டருதான் இல்ல" என்றார். ஆர்டரைக் கைவிடக்கூடாது என்று வரியில் ஒரு பங்கைத் தாங்களே தள்ளுபடியாகக் கொடுத்து நஷ்டத்தில் ஓட்டுகிறவர்களும் உண்டு, அந்த நஷ்டம் அவர்களுக்குக் கூலிக்கு ஜாப் ஒர்க் செய்துகொடுக்கிறவர் ரேட்டில்தான் கடைசியில் வந்து விழுகிறது என்றார்.

ஞாயிறு, நவம்பர் 16. திருப்பூர்

காலையில் கறிக்கடைகள். ஆட்டுக்கறிக் கடையில் கூட்டம் இல்லாமல் இல்லை, ஆனால் கால் கிலோ, அரைக் கிலோ, அல்லது குடல், தலைக்கறி. கோழிக்கடையில்தான் வரிசை. பக்கத்து முடிதிருத்தும் கடையில் சாயம் போட்டுக்கொள்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்றார்கள். பைக் மெக்கானிக்குக்கு மட்டும் வேலை அதிகம், புது வண்டி வாங்க வேண்டியவர்கள் பழையதை ரிப்பேர் செய்து ஓட்டுகிறார்கள்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துப் பிளாட்பாரக் கடைகளில் நின்றபோதுதான் எனக்கு உண்மையிலேயே நெஞ்சு கனத்தது. குழந்தைகளுக்கான ராத்திரி உடுப்புகள், குவியல் குவியலாக. சிவப்பு, பச்சை, பனிமான், பனிமனிதன், கிறிஸ்துமஸ் தாத்தா. நல்ல பருத்தித் துணி, தையலில் ஒரு குறை இல்லை, லேபிள் மட்டும் வெட்டி எடுத்திருந்தது. அமெரிக்காவின் கிறிஸ்துமஸ் விற்பனைக்காகத் தைத்து, கப்பல் ஏறாமல் நின்றுபோன சரக்கு என்றார் கடைக்கார அம்மா. வழக்கமாக எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்றால் அளவு தவறியது, கறை பட்டது, ஓட்டை விழுந்தது இப்படித்தான் இருக்கும், அதற்கு செகண்ட்ஸ் என்றே பேர். இது அத்தனையும் முதல் தரம். இதைத் தைத்த பெண்களே இன்றைக்குப் பிள்ளைகளோடு வந்து இந்தக் குவியலில் அளவு தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு அக்கா கழுத்துப்பட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க கம்பெனி பீசு மாதிரியே இருக்கு" என்றார், சாதாரணமாகத்தான் சொன்னார். நானும் அக்கா பேத்திக்கு ஒரு செட் வாங்கினேன்.

நேற்று இரண்டு செய்தி ஒன்றாக வந்தன. காபி, தேயிலை, மிளகு மாதிரியான மசாலாப் பொருள்கள், வாழைப்பழம் எல்லாவற்றுக்கும் அமெரிக்கா கூடுதல் வரியிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறது. தங்கள் ஊரில் விளையாததற்கு விலை ஏறினால் அவர்கள் மக்களே சத்தம் போடுகிறார்கள், அதனால் இறங்கி வந்தார்கள். நீலகிரி, வால்பாறை, இடுக்கிக்காரர்களுக்கு நல்லது நடந்திருக்கிறது. துணி அந்தப் பட்டியலில் இல்லை. இன்னொன்று, ரிசர்வ் வங்கி ஏற்றுமதியாளர்களுக்குக் கடன் தவணையை டிசம்பர் 31 வரை தள்ளி வைக்க வழி செய்திருக்கிறது. வேண்டிய உதவிதான், வரவேற்கிறேன். ஆனால் மங்கலத்து அக்காவின் வீட்டுலோனுக்கும் தள்ளுவண்டி அண்ணனின் குழுக்கடனுக்கும் தவணை தள்ளிப்போகாது, அவர்கள் எந்தக் கணக்கிலும் ஏற்றுமதியாளர் இல்லை. அந்த ஏற்றுமதியில் இவர்கள் பிழைப்பும் இருந்தது என்பதை எந்தக் காகிதத்தில் எழுதுவார்கள்?

திங்கள் இரவு, செவ்வாய், நவம்பர் 17, 18. ஈரோடு

ஈரோடு ஜவுளிச் சந்தை திங்கள் சாயங்காலம் தொடங்கி செவ்வாய் முழுக்க நடக்கும். கனி மார்க்கெட்டைச் சுற்றி பன்னீர்செல்வம் பார்க் வரை துணிதான். கேரளா, கர்நாடகா, ஆந்திராவிலிருந்து வியாபாரிகள் வேனும் லாரியும் பிடித்து வந்து மூட்டை மூட்டையாக ஏற்றிப்போவார்கள்.

திங்கட்கிழமை கார்த்திகை ஒன்று. அதனால் ஒரு வியாபாரம் மட்டும் ஜோராக நடந்தது: ஐயப்ப பக்தர்களுக்கான கறுப்பு, நீலம், காவி வேட்டியும் துண்டும். பொருளாதாரம் எப்படி இருந்தாலும் மாலை போடுகிறவர் போட்டுத்தான் தீருவார் என்றார் ஒரு வியாபாரி, அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. இரண்டு கடை தள்ளி லுங்கி, நைட்டி, உள்பாவாடை மொத்தமாக விற்பவர் ஸ்டூலில் உட்கார்ந்து மொபைல் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிமாநில வியாபாரி வருகிறார், ஆனால் வேன் நிறைய எடுத்தவர் இப்போது பஸ்ஸில் வந்து இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு போகிறார். மொத்த வியாபாரம் குறைந்து சில்லறைக்கு வந்த ஊர்க்காரர்கள்தான் கண்ணுக்குத் தெரிகிறார்கள். கடனும் நீள்கிறது, முப்பது நாளில் வந்த காசு இப்போது தொண்ணூறு நாள்.

செப்டம்பர் 22-இலிருந்து ஜிஎஸ்டி குறைந்ததே, அது உதவவில்லையா என்று கேட்டேன். 2500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம் ஆக்கினார்கள். ஆனால் 1000 ரூபாய்க்குள் இருப்பதற்கு முன்பிருந்தே 5 சதவீதம்தான். இந்தச் சந்தையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் என்ன இருக்கிறது? பாலியெஸ்டர் நூலுக்குக் குறைத்தது நல்ல விஷயம் என்று ஒருவர் ஒத்துக்கொண்டார், அதன் பலன் துணிக்கு வந்து சேர இன்னும் நாளாகும் என்றார். காய்கறி விற்கிறவர்களும் பூக்கடைக்காரர்களும் சந்தை நாளை நம்பி இங்கே வருகிறார்கள். சாப்பாட்டுக்கடையில் மதியம் இரண்டு மணிக்கும் இடம் காலியாக இருந்தது, செவ்வாயில் அது நடக்கிற காரியமே இல்லை.

புதன், நவம்பர் 19. பள்ளிபாளையம்

காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம், நாமக்கல் மாவட்டம். ஆற்றுக்கு இந்தப் பக்கமும் தறிதான். கடந்த ஜூலையில் இந்த ஊர் எல்லாப் பேப்பரிலும் வந்தது, கடன் தாங்காத விசைத்தறித் தொழிலாளர்கள் புரோக்கர்கள் மூலம் சிறுநீரகத்தை விற்றது வெளியே வந்து, அரசு விசாரணை நடத்தியபோது. அதைப் பற்றி யாரிடமும் நானாகக் கேட்கவில்லை. ஒரு டீக்கடையில் பேச்சு தானாக அங்கே போனது, ஒருவர் "அது எங்களுக்குப் புதுசில்லீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இங்கே கடைக்காரர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் கணக்கு உண்டு, அது வசூல் நாள். மைக்ரோ பைனான்ஸ் குழுக்களின் வசூல்காரர் வருகிற நாள் தெருவுக்குத் தெருவு மாறும், அன்றைக்கு அந்தத் தெருவில் மளிகை வியாபாரம் இருக்காது. காய்கறிக்காரர் அந்தத் தெருவுக்கு வண்டி தள்ளுவதே இல்லை. மிரட்டி வசூல் செய்வதைத் தடுக்க இந்த வருஷம் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது, அதனால் ராத்திரி வீட்டு வாசலில் உட்காருவது குறைந்திருக்கிறது என்று இரண்டு பெண்கள் சொன்னார்கள். கடன் குறையவில்லை, ஒரு குழுவில் வாங்கி இன்னொரு குழுவுக்குக் கட்டுகிறார்கள்.

மருந்துக்கடையில் ஒன்றைப் பார்த்தேன். சுகர், பிரஷர் மாத்திரையை அட்டையாக வாங்காமல் நாலு, ஆறு என்று வெட்டி வாங்குகிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறதே என்றால், அதற்கு அரை நாள் தறியை விட்டுப் போக வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று கடைக்காரர் வருத்தப்பட்டார். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்க்கிறாராம், தினமும் போடுங்கள், காசு அப்புறம் கொடுங்கள் என்று. நான் இத்தனை ஊரில் பார்த்ததில் இதுதான் எனக்கு அதிகம் பயம் தருகிறது, ஏனென்றால் எண்ணெயை அரை லிட்டர் வாங்கினால் அடுத்த மாதம் சரிசெய்துகொள்ளலாம்.

ஓடுகிற தறிகளில் பெரும்பாலும் பொங்கலுக்கான இலவச வேட்டி சேலை. 1983-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டம், ரேஷன் கடை வழியாகக் கோடிக்கணக்கான வீடுகளுக்குப் போகிறது, ஈரோடு, நாமக்கல் பக்கத்துத் தறிகளுக்கு வருஷத்தில் சில மாதம் உத்தரவாதமான வேலை. இலவசம் இலவசம் என்று தொலைக்காட்சி விவாதங்களில் சலித்துக்கொள்கிறவர்கள் ஒரு தடவை இந்தத் தறிக்குடோனுக்குள் வந்து நிற்க வேண்டும். இந்த வருஷம் வெளி ஆர்டர் படுத்துவிட்ட நேரத்தில் இந்த ஊர்க் கடைத்தெருவில் ஓடுகிற காசு ஏறக்குறைய முழுக்க இந்த வேட்டியிலிருந்தும் சேலையிலிருந்தும்தான் வருகிறது.

பன்னிரண்டு தறி வைத்திருக்கும் ஒருவரோடு சாயங்காலம் வரை இருந்தேன். பொங்கல் வேட்டி முடிந்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறார். ஆறு தறியை நிறுத்திவிடுவார். இப்போது வேலைக்கு இருக்கும் இரண்டு பேரில் ஒருவரை வைத்துக்கொள்வார், குழந்தை சின்னது என்பதால் அவரை. இன்னொருவருக்கு வெப்படையில் ஒரு மில்லில் சொல்லி வைத்திருக்கிறார், ஆனால் அங்கேயும் ஆள் எடுக்கிறார்களா என்று தெரியவில்லை. பாவு கொடுக்கிறவர் பிப்ரவரியில் லுங்கி ஆர்டர் வரும் என்று சொல்லியிருக்கிறாராம். "வந்தா அந்த ஆறையும் ஓட்டிருவேனுங்க. வரலைன்னா மார்ச்சுல ரெண்டை வித்துட்டு கரண்ட் பில்லும் பையன் பீசும் கட்டணும்" என்றார். எந்த இரண்டு என்றும் காட்டினார், கதவோரம் இருந்த பழைய ஜோடி, அவர் அப்பா வாங்கியது.